செய்மதிப் படத்தில் புகை தடிப்பாகத் தெரிகிறது, வெளியில் மணமே இல்லை. ஏன்?

கேள்வி (ஸ்காபரோ)

வணக்கம். அம்மாவுக்கு ஆஸ்துமா. 2023 யூனில் கியூபெக் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவரை வந்ததிலிருந்து, கோஸ்-ஈஸ்ட் என்ற அமெரிக்க வானிலைச் செய்மதியின் ஜியோகலர் (இயற்கை நிறத்தை ஒத்த) படத்தைப் பார்த்துத்தான் யன்னலைத் திறப்பதா பூட்டுவதா என்று முடிவெடுக்கிறேன். இந்தக் கிழமை ஒன்றும் விளங்கவில்லை. திங்கள் காலை ஒன்ராறியோ வாவிக்கு மேல் மண்ணிறப் புகை தடிப்பாகத் தெரிந்தது. வெளியில் மணம் இல்லை, காற்றுத்தரச் சுட்டெண்ணும் (கனடாவில் 1 முதல் 10+ வரை, கூடினால் ஆபத்துக் கூட) 3 தான். புதன் மத்தியானம் படத்தில் மெல்லிய படலம் மட்டுமே. ஆனால் விறகு எரிந்த மணம், சுட்டெண் 8, அம்மாவுக்கு இருமல் நிற்கவேயில்லை. இரவுப் படத்தில் நகர விளக்குகள் பளிச்சென்று தெரிந்தன, புகையையே காணவில்லை. எதை நம்புவது? எந்தத் தீயின் புகை என்று அறிய வழி உண்டா?

பதில் 1

செய்மதி நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருந்து பார்க்கிறது. உச்சியிலிருந்து தரைவரை உள்ள புகை முழுவதும் அதற்கு ஒரே படலம்தான். அது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் படம் சொல்லாது. பெரிய காட்டுத்தீயின் வெப்பம் புகையைப் பல கி.மீ. மேலே தூக்கிவிடும். அங்கே பிடித்த காற்று அதை ஆயிரக்கணக்கான கி.மீ. கொண்டுபோகும். 2023 யூன் கடைசியில் கனடாப் புகை ஐரோப்பாவுக்குப் போனதும் இப்படித்தான். திங்களன்று உங்கள் தலைக்கு மேலால் போனதும் அப்படியான புகையாக இருக்கலாம். சூரியன் சிவந்து மங்கியிருக்கும், மூக்குக்கு ஒன்றும் தெரியாது.

புதன் வேறு கதை. குளிர்முகப்பு (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்தபின் காற்று கீழ்நோக்கி அமிழும், மேலிருந்த புகையும் அதோடு இறங்கும். தரையோடு ஒட்டிய படலம் மேலிருந்து மெலிதாகத் தெரிந்தாலும், நாங்கள் சுவாசிப்பது அதைத்தான்.

பதில் 2

நேரத்தையும் கவனியுங்கள். புகைத்துகள் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறவைக்கும். அதனால் காலையிலும் பின்னேரத்திலும் சூரியன் சரிந்திருக்கும்போது புகை எடுப்பாகத் தெரியும், உச்சிவெயிலில் மங்கிவிடும். திங்கள் காலைப் படத்தையும் புதன் மத்தியானப் படத்தையும் அருகருகே வைத்து எது தடிப்பு என்று சொல்ல முடியாது. ஒரே மணிப் படங்களை ஒப்பிடுங்கள். வாவியின் கரிய நீருக்கு மேல் பார்த்தால் இன்னும் சுகம்.

இரவுப் படத்தை வைத்து மட்டும் யன்னலைத் திறக்காதீர்கள், தயவுசெய்து. இருட்டியதும் ஜியோகலர் அகச்சிவப்புக்கு மாறும். நுண்ணிய புகைத்துகளை அந்தக் கதிர் ஊடுருவிப் போய்விடுவதால் புகை படத்தில் விழாது. அந்த விளக்குகளும் அன்றைய விளக்குகள் அல்ல, முன்பே எடுத்த படத்தைப் பின்னணியாகப் போட்டிருக்கிறார்கள். புகை எவ்வளவு மூடினாலும் அவை அப்படியேதான் தெரியும்.

பதில் 1 (தொடர்ச்சி)

எந்தத் தீ என்பதற்கு: அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு நிறுவனமான நோவாவின் ஹைஸ்பிளிட் தளத்தில் உங்கள் இடத்தைக் குறித்து, காற்று வந்த வழியைப் பின்னோக்கி ஓடவிடுங்கள். 500, 1,500, 3,000 மீட்டர் என மூன்று உயரத்துக்கும் தனித்தனிக் கோடு எடுங்கள். பிறகு செய்மதிகள் கண்ட தீயைப் புள்ளிகளாகக் காட்டும் நாசாவின் ஃபேர்ம்ஸ் வரைபடத்தில், கோடு கடந்த நாளின் தீப்புள்ளிகளோடு பொருத்துங்கள். இன்றைய புள்ளிகளோடு பொருத்தினால் பிழையான தீயைக் காட்டும். அப்புறம் எச்ஆர்ஆர்ஆர் என்ற அமெரிக்க வானிலை முன்கணிப்பின் புகை மாதிரியில் இரண்டு வரைபடங்கள் உண்டு: தரைக்கு அருகே உள்ள புகை, மேல்கீழாக மொத்தப் புகை. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஓட்டிப் பார்த்தேன். திங்களுக்கு மொத்தப் புகை வரைபடம் அடர்ந்து கிடக்கிறது, தரை வரைபடம் ஏறக்குறைய வெறுமை. 3,000 மீட்டர்க் கோடு மனிரோபா மாகாணத்தின் வட பகுதிக்குப் போகிறது. புதனின் 500 மீட்டர்க் கோடு ஹூரன் வாவியைத் தாண்டி வடமேற்கு ஒன்ராறியோத் தீப்புள்ளிகளுக்குப் போகிறது. அப்போ இரண்டும் வேறு வேறு தீயா?

பதில் 2

அப்படித்தான் தெரிகிறது. ஆனால் கோடு நீள நீளப் பிழையும் கூடும், ஆகவே ஒரு தீயைச் சுட்டாமல் ஒரு பகுதியைச் சொல்லுங்கள். யன்னல் விடயத்துக்குத் தரையில் அளந்த மணித்தியால பிஎம் 2.5 (நுரையீரலுக்குள் போகும் நுண்துகள்) அளவையே பாருங்கள். வீடுகளில் மாட்டும் பர்ப்பிள்ஏர் கருவிகள் புகையைக் கூட்டிக் காட்டும், திருத்திய அளவைத் தெரிவுசெய்யுங்கள். செய்மதிப் படம் அடுத்து என்ன வரப்போகிறது என்று பார்க்க உதவும். அம்மாவின் அறையில் ஹெப்பா (நுண்துகளைப் பிடிக்கும்) காற்று வடிகட்டி ஓடட்டும். ஏசி இல்லாத வீடென்றால் வெக்கையில் எல்லாம் பூட்டி வைப்பதும் அவருக்குக் கூடாது. அந்த நேரத்தில் அருகிலுள்ள நூலகத்துக்கோ ஏசி உள்ள வேறு இடத்துக்கோ கூட்டிக்கொண்டு போங்கள்.