சென்னை மேயரைச் சந்தித்த அனுபவம் உண்டா?

பெரம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை:

நான் மாநகராட்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது சென்னைக்கு மேயரே கிடையாது. 1973-இல் கவுன்சிலர்கள் கூடும் மாமன்றம் கலைக்கப்பட்டது. அதன்பின் 1996 வரை தனி அதிகாரிகளின் நிர்வாகம்தான். ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் யாரென்று தெரியாமல் வளர்ந்துவிட்டது. 1996-இல் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போடச் சொன்னபோது, எங்கள் தெருப் பெண்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அப்படி நேரடியாகத் தேர்வான முதல் மேயர் மு.க. ஸ்டாலின்.

பிறகு ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளை ரிப்பன் மாளிகைக்கு அழைத்துப் போனேன். மாமன்றக் கூட்டம். வெள்ளைச் சீருடை அணிந்த தபேதார் (மேயரின் பணியாள்) முன்னே வர, அங்கியும் சங்கிலியுமாக மேயர் நுழைந்தார். அவை முழுவதும் எழுந்து நின்றது. பிள்ளைகளும் தாமாகவே எழுந்துவிட்டார்கள். அப்போது ஒரு சிறுமி என் காதருகே வந்து, "டீச்சர், மேயர் பெரியவரா, கமிஷனர் பெரியவரா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இன்றும் பலருக்கு விடை தெரியாது. மாநகராட்சிக் கமிஷனர் அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஊழியர்களை வேலை வாங்குவதும் திட்டங்களை நிறைவேற்றுவதும் அவர் பொறுப்பு. மேயர் மாமன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். பட்ஜெட்டும் முக்கியத் தீர்மானங்களும் அந்த மாமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். ஆணையிடும் அதிகாரம் மேயருக்குக் குறைவுதான். ஆனால் எல்லார் முன்னிலையிலும் கேட்டுப் பதில் வாங்கும் உரிமை அவருக்கு உண்டு, அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

வாசலில் இருக்கும் பிட்டி தியாகராயர் சிலையையும் காட்டினேன். அவர் மேயர் அல்ல, மாநகராட்சித் தலைவர். 1688-இல் நத்தேனியல் ஹிக்கின்சன் முதல் மேயராக அமர்ந்த ஊர் இது என்றாலும், இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பட்டம் திரும்பி வந்தது 1933-இல், ராஜா சர் முத்தையா செட்டியார் காலத்தில்தான். தியாகராயர் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பசியோடு வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் என்பதால் அவர் சிலையைப் பார்த்தாலே கை கூப்பிவிடுவேன்.

மயிலாப்பூர் வாசகர்:

கேட்டு வாங்குவதுதான் மேயரின் பலம் என்று டீச்சர் சொன்னதற்குச் சரியான சான்று சத்தியமூர்த்தி. என் தாத்தா அவருடைய கூட்டங்களுக்குப் போனவர்; அந்தக் குரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார். 1939-இல் சத்தியமூர்த்தி மேயரானபோது நகரம் குடிநீருக்குத் திண்டாடியது. உலகப் போர் மூண்டிருந்த நேரம், ஆள்வதோ வெள்ளையர். அப்படியிருந்தும் வாதாடிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு ஒப்புதல் வாங்கினார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1944-இல் வேலை முடிந்தது. அவர் 1943-லேயே காலமாகிவிட்டார். தாத்தா என்னைப் பூண்டிக்கு அழைத்துப் போனபோது மதகருகில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "நாம் குடிக்கும் தண்ணீர்டா, அந்த மனுஷன் குடிக்கவில்லை" என்றார்.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்:

என்னுடையது சிறிய அனுபவம். 2022-இல் பிரியா பதவியேற்றபோது அவருக்கு வயது 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர், தலித் பெண்களில் முதல் மேயர். எங்கள் வடசென்னைப் பெண். 'மக்களைத் தேடி மேயர்' முகாம் எங்கள் மண்டலத்தில் நடந்தபோது அம்மாவோடு போனேன். பூங்காப் படிக்கட்டில் முதியவர்களுக்குக் கைப்பிடி வேண்டும் என்று மனு எழுதியிருந்தோம். மேடையில் மனுவை நீட்டிய அம்மா, நாங்கள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் விட்டுவிட்டு, "நல்லா இரும்மா" என்று மட்டும் சொன்னார். மேயர் சிரித்தார். முகாமுக்குப் போகிறவர்கள் மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். பின்னர் விசாரிக்க அந்த எண்தான் உதவும்.