கட்டுவதற்கு முன் செய்யும் ‘ஆர்க்கியாலஜிக்கல் எவால்யுவேஷன்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

க. (லண்டன்)

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு கோயில் அறக்கட்டளை மண்டபம் கட்டக் காணி வாங்கியிருக்கிறது. பழைய ரோமானியச் சாலைக்குப் பக்கத்து நிலம் என்பதால் நகரசபை ஒரு நிபந்தனை போட்டுவிட்டது. அத்திவாரம் வெட்டுவதற்கு முன் ஆர்க்கியாலஜிக்கல் எவால்யுவேஷன் செய்து அறிக்கை தர வேண்டுமாம். உறுப்பினர்களுக்கு அதை விளக்கும் துண்டறிக்கையைத் தமிழில் எழுதுவது என் வேலை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அறக்கட்டளையின் முதல் அறிவிப்பில் ‘தொல்லியல் அகழாய்வு’ என்று இருந்தது. அதைப் படித்த பெரியவர்கள் காணியை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது என்றே நினைத்துவிட்டார்கள். அடுத்த அறிவிப்பில் ‘தொல்லியல் மதிப்பீடு’ என்று மாற்றினார்கள். இப்போது ‘என்ன விலைக்கு மதிப்பார்கள்?’ என்று கேட்கிறார்கள்.

நடப்பது இதுதான். முதலில் பழைய வரைபடங்கள், வான்படங்கள், அந்த வட்டாரத்தில் முன்பு கிடைத்தவற்றின் பதிவேடு எல்லாவற்றையும் மேசையிலேயே பார்த்துவிடுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் நிலத்தில் இறங்குவார்கள். முழு நிலத்தையும் தோண்டுவதில்லை. பெரும்பாலும் பரப்பில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான். சுமார் 2 மீட்டர் அகலத்தில் நீள நீளமாக வெட்டுவார்கள். இயந்திரத்தின் வாளியில் பல் இருக்காது. பல் இருந்தால் மண்ணைக் கிளறிவிடும். தட்டை விளிம்பு என்றால் தோசை திருப்பி கல்லைச் சுரண்டுவதுபோல மெல்லிய படலமாகச் சீவிக்கொண்டு வரும். தொல்லியலாளர் பக்கத்தில் நின்று மண்ணின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பழுப்பு மண்ணில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தால் கை காட்டுவார், இயந்திரம் நிற்கும், அவர் சிறு கரண்டியோடு இறங்குவார். என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சிதையாமல் என்று தெரிந்தால் போதும். எடுப்பதா, விடுவதா, கட்டடத்தின் வரைபடத்தை மாற்றுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்கு இரண்டு சொல் வேண்டும். ஒன்று இந்த வேலைக்கு, மற்றது அந்த நீள வெட்டுக்கு (அவர்கள் ட்ரையல் ட்ரென்ச் என்கிறார்கள்).

மு. (தஞ்சாவூர்)

அம்மா, நம்மிடம் மேற்பரப்பாய்வு உண்டு, அகழாய்வு உண்டு. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் சொல்லும் படிக்குச் சொல் இல்லை. வேலையே இல்லாததுதான் காரணம். இந்தியாவின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். அந்த வட்டத்தைத் தாண்டிவிட்டால் அடியில் முதுமக்கள் தாழிகள் புதைந்த தாழிக்காடே இருந்தாலும் சட்டம் முன்கூட்டிக் கேட்பதில்லை. வானம் தோண்டும்போது, அதாவது அத்திவாரக் குழி வெட்டும்போது, பானை ஓடு வந்த பிறகுதான் எங்களுக்குத் தொலைபேசி வரும், அதுவும் வந்தால்.

‘தொல்லியல் முன்னாய்வு’ என்று வையுங்கள். வெட்டுக்குச் ‘சோதனைக் குழி’ போதும்.

த. (மதுரை)

முன்னாய்வு, பின்னாய்வு, கள ஆய்வு, அகழாய்வு! கருத்து எதுவானாலும் முன்னால் ஓர் ஒட்டு, பின்னால் ‘ஆய்வு’. வேர் பார்த்துச் சொல் ஆக்கும் பழக்கமே போய்விட்டது.

தோண்டுவதற்குத் தமிழில் அகழ், தோண்டு, கல்லு, கிண்டு, பறி, தொடு என்று எத்தனை வினைகள்! இதில் ‘தொடு’தான் இங்கே பொருந்தும். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்கிறாரே வள்ளுவர், அங்கே தொடுதல் என்றால் தோண்டுதல். புறநானூற்றின் ஆறாம் பாட்டில் கீழ்க்கடலுக்குப் பெயர் ‘தொடுகடல்’, சகரர் தோண்டிய கடல் என்பது பழைய உரை. அகழ்தல் ஆழப் போவது, தொடுதல் பதமாகப் போவது. விரலால் தொடுவதற்கும் மண்ணைத் தொடுவதற்கும் ஒரே வினை வந்தது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். கரண்டியோடு இறங்குகிறாரே தொல்லியலாளர், அவர் செய்வது இரண்டும்தான். கல்லுதலிலிருந்து கல்வி வந்தது என்பாரும் உண்டு. அறிவுக்காகத் தோண்டுவது தமிழனுக்குப் புதிதில்லை.

வெட்டு: தொடுகுழி. வேலை: தொன்னாடல். ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற நாடல். தொன்மை உண்டா என நாடிப் பார்ப்பது.

வே. (கோவை)

அண்ணா, ‘தொடு’ என்றால் இன்றைக்குத் தொடுதிரைதான் நினைவுக்கு வரும். ‘தொன்னாடல்’ என்று தாளில் போட்டால் பாதிப் பேர் ஆடல் பாடல் என்று படிப்பார்கள். துண்டறிக்கைக்கு உரையாசிரியர் கூடவே போக முடியாது.

நான் கட்டடப் பொறியாளன். வீடு கட்டுகிற யாருக்கும் ‘மண் பரிசோதனை’ தெரியும். கடைக்கால் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு நாலு இடத்தில் துளை போட்டுப் பார்ப்போம். நிலத்தைப் பறித்துக்கொள்வார்கள் என்று அதற்கு யாரும் பயப்படுவதில்லை, கட்டுவதற்கு முன் செய்கிற செலவுகளில் அதுவும் ஒன்று. இதை அதன் பக்கத்தில் வையுங்கள்: ‘தொல்லியல் பரிசோதனை’. மு. ஐயா ‘வானம் தோண்டும்போது’ என்று எழுதியது பிடித்திருந்தது. வானமா வாணமா என்று எங்கள் மேஸ்திரிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. ‘வானமுன் சோதனை’ என்றும் வைக்கலாம்.

ந. (யாழ்ப்பாணம்)

வானம் என்றால் எங்கட பக்கம் ஆகாயம் மட்டும்தான். க. அக்காவின் வாசகர்களும் பெரும்பாலும் எங்கட ஆட்கள். அத்திவாரம் என்றால்தான் விளங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் இந்த வேலைக்குச் சட்டப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை 1998-இல் திருத்திய பிறகு பெரிய திட்டங்களுக்கு ‘தொல்லியல் தாக்க மதிப்பீடு’ கட்டாயம். ஆனால் அது திட்டத்தால் சின்னங்களுக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கும் பெரிய குடை. அக்கா கேட்பது குடைக்குள் ஒரு கம்பி.

பெரியவர்கள் கலங்கியதற்குச் சொல் மட்டும் காரணமில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தொல்பொருள் என்று சொல்லிக் காணிக்கு எல்லைக்கல் போடுவது இன்றும் வழக்காகவும் போராட்டமாகவும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் ‘தொல்லியல்’ என்ற முதல் சொல்லே பயத்தைக் கொண்டுவரும், பின்னால் எதை ஒட்டினாலும் சரி. ஆகவே சொல்லுக்குப் பக்கத்தில் ‘உங்கள் காணி உங்களுடையதே’ என்ற வரி கட்டாயம் வேண்டும்.

சி. (பாரிஸ்)

பிரான்சில் இதற்கு ‘தியாக்னோஸ்திக்’ என்றே பெயர், நோயறிதலுக்கு மருத்துவர் சொல்லும் அதே சொல். 2001-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு இதையும் முழு அகழாய்வையும் தனித்தனிக் கட்டங்களாக வைத்து, தனித்தனியாக ஆணை பிறப்பிக்கிறார்கள். எனவே குழப்பம் இல்லை. த. ஐயாவின் ‘நோய்நாடி’ இதற்கு மிக அருகில் வருகிறது, அதை எளிதில் தள்ளிவிடாதீர்கள். ‘நிலமறிதல்’ என்றால் என்ன?

மு. (தஞ்சாவூர்)

நிலமறிதல் அழகான சொல். ஆனால் வேளாண்துறை நாளைக்கே எடுத்துக்கொள்ளும்.

நான் ‘முன்’ என்பதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் உண்டு. தேம்ஸின் தென்கரையில் 1587-இல் எழுந்த ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் 1989-இல் வெளிப்பட்டது. அங்கே அலுவலகக் கட்டடம் எழுப்ப அனுமதி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. நடிகர்கள் இடத்திலேயே திரண்டு மறித்தார்கள். கடைசியில் வரைபடத்தைத் திருத்தி, எச்சங்களை மணலும் நீரும் கொண்டு மூடி, மேலே கட்டடத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். கட்டுபவருக்குப் பெருஞ்செலவு, தொல்லியலாளருக்கு நெஞ்சடைப்பு. அடுத்த ஆண்டு, 1990 நவம்பரில், அனுமதி கொடுக்கும் முன்பே அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள் என்று இங்கிலாந்தின் திட்ட அனுமதி அதிகாரிகளுக்கு வழிகாட்டுதல் வந்தது. 2012 முதல் தேசியத் திட்டக் கொள்கையிலும் அதே கருத்துதான். ‘பரிசோதனை’யில் இந்த ‘முன்’ இல்லை. கட்டி முடித்த பிறகும் பரிசோதிக்கலாம்.

த. (மதுரை)

ஐயா, ‘முன்னாய்வு’ என்றால் முனைவர் பட்ட மாணவனுக்கு என்ன பொருள்? தனக்கு முன் பிறர் செய்த ஆய்வு. ஒவ்வோர் ஆய்வேட்டிலும் அந்தப் பெயரில் ஓர் இயல் இருக்கிறது. நாளைக்குத் தொல்லியல் மாணவன் ‘இவ்விடத்தில் முன்னாய்வு நடந்தது’ என்று எழுதினால் யார் எதைப் புரிந்துகொள்வது? புரியவில்லை என்று என் சொல்லைத் தள்ளினீர்கள். உங்கள் சொல் தப்பாகப் புரியும். அது அதைவிடக் கேடு.

வே. (கோவை)

இந்த இடத்தில் த. அண்ணா சொல்வது சரி. ‘கட்டுமுன் தொல்லியல் சோதனை’ என்று நீட்டிவிட்டால்?

ந. (யாழ்ப்பாணம்)

நீளம்தான், ஆனால் வாசித்த உடனே விளங்குகிறது. ‘தொல்லெச்சம்’ என்ற சொல்லையும் அறிக்கையில் போட வேண்டாம் என்பேன். எச்சம் என்றால் வீட்டில் பிள்ளைகள் காக்கையைத்தான் நினைக்கிறார்கள். ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறள் எல்லாம் பிறகு சொல்லிக் கொடுக்கலாம்.

த. (மதுரை)

காக்கைக்கு அஞ்சி எச்சத்தை விட்டால், அடுத்து வினையெச்சத்தையும் விட வேண்டிவரும்.

மு. (தஞ்சாவூர்)

எச்சத்தை விடுவோம், ‘பழைய தடயங்கள்’ என்றே எழுதலாம். ‘புதைபொருள்’ மட்டும் வேண்டவே வேண்டாம். புதையல் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நம் ஊரில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளது கிடைத்தால் ஆட்சியரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு ஊருக்குள் புகுந்தால் இரவோடு இரவாகக் குழி பறிப்பார்கள்.

வெட்டு பற்றி: நம் குழிகள் சதுரம், அவர்களுடையது நீளம், ஆகவே ‘குழி’யை நானே திரும்பப் பெறுகிறேன். ‘அகழி’ என்றால் கோட்டையும் முதலையும். ‘சோதனைப் பள்ளம்’ என்று எளிமையாக விட்டுவிடலாமா?

க. (லண்டன்)

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை அனுப்ப வேண்டும், ஆகவே இப்படி எழுதியிருக்கிறேன்:

“மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன், நம் காணியில் கட்டுமுன் தொல்லியல் சோதனை நடைபெறும். காணியின் சிறு பகுதியில் மட்டும் சோதனைப் பள்ளங்கள் வெட்டி, பழைய காலத் தடயங்கள் உண்டா என்று பார்ப்பார்கள். இது காணியை எடுத்துக்கொள்வதற்கான நடவடிக்கை அல்ல. காணி அறக்கட்டளையின் உடைமையாகவே இருக்கும். தடயம் கிடைத்தாலும் பெரும்பாலும் வரைபடத்தில் மாற்றம் செய்தோ, தடயத்தை முறையாக எடுத்துப் பதிவு செய்த பிறகோ கட்டலாம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் புதிய ரயில் நிலையத்துக்காக 3,000-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள், இன்று அங்கே ரயில் ஓடுகிறது. லண்டன் நகரின் நடுவே ப்ளூம்பெர்க் அலுவலகத்தின் கீழே ரோமானியரின் மித்ராஸ் கோயிலை இன்றும் இறங்கிப் பார்க்கலாம்.”

மித்ராஸ் கோயிலைச் சேர்க்கச் சொன்னது அறக்கட்டளைச் செயலாளர். அந்த இடத்தில் 400-க்கு மேல் ரோமானிய எழுத்துப் பலகைகள் கிடைத்தன, அதில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 என்று நாள் குறித்த கடன் பத்திரம் என்று சொன்னதும், சோதனை எப்போது தொடங்கும் என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சி. (பாரிஸ்)

துண்டறிக்கைக்கு இது போதும். கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு மூன்று சொல் தொடர் ஆகாது.

மு. (தஞ்சாவூர்)

பட்டியலில் ‘தொல்லியல் முன்னாய்வு’ என்றும், விளக்கத்தில் ‘கட்டுமுன் சோதனை’ என்றும் போடலாம். நான், வே., ந. மூவரும் உடன்படுகிறோம் என்று கொள்கிறேன்.

வே. (கோவை)

சரி ஐயா. சோர்ந்துபோய்ச் சரி என்கிறேன், முழு மனதோடு இல்லை.

த. (மதுரை)

என் மறுப்பைப் பட்டியலின் குறிப்பில் பதிவு செய்யுங்கள்: முன்னாய்வு என்பது ஆய்வேட்டில் வேறு பொருளில் வேரூன்றிவிட்ட சொல், ஒரே துறையில் அதற்கு இரண்டு பொருள் கொடுக்கக் கூடாது. தொன்னாடலை வற்புறுத்தவில்லை. ‘தொடுகுழி’யை மட்டும் விடுவதாக இல்லை. அடுத்த பருவத்தில் சுவடியியல் மாணவர்களைக் கீழடிக்கு அழைத்துப் போகும்போது அந்தச் சொல்லைத்தான் சொல்லப் போகிறேன். க. அவர்களே, பள்ளம் வெட்டும்போது ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பல் இல்லாத வாளியைப் பார்க்க வேண்டும்.