டர்போ இல்லாமல் 150 குதிரை, கையைக் கடிக்காமல்

கையிருப்பு கம்மி:
வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, 1990 மாடல், 1.6 லிட்டர் ட்வின் கேம் இன்ஜின். ஜப்பானியக் கணக்கில் நிமிடத்துக்கு 6500 சுற்றில் 120 பிஎஸ் (குதிரைத்திறன்). இதைத் தவிர வேறு வண்டி கிடையாது. திங்கட்கிழமை காலை இதில்தான் வேலைக்குப் போயாக வேண்டும். டர்போ வேண்டாம், மிதித்த நொடியில் பதில் வருவதுதான் இந்த வண்டியில் எனக்குப் பிடித்ததே. கிராங்கில் (இன்ஜினின் சுழல்தண்டில்) 150 பிஎஸ் வந்தால் போதும்.

திட்டம் இது: ஹெட்டை (சிலிண்டர்களின் மூடியை) ஃபேசிங் அடித்து, அதாவது அடிப்பரப்பைச் சீவி, கம்ப்ரஷனை (சிலிண்டரில் கலவையை நசுக்கும் விகிதத்தை) 9.4இலிருந்து 11க்கு ஏற்றுவது, 280 டிகிரி கேம் (வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் தண்டு), போர்ட்டைக் (ஹெட்டில் காற்று போகும் வழியை) குடைந்து பெரிதாக்குவது, 4-1 ஹெடர் (நாலு புகைக் குழாயை ஒரே இடத்தில் சேர்ப்பது), ரெவ் லிமிட் (உச்சச் சுற்று) 8000. பிஸ்டனும், அதை கிராங்கோடு இணைக்கும் ராடும் பழையதே இருக்கட்டும். ஃபோர்ஜ்டு (அடித்து வலுவாக்கிய) செட் வாங்கினால் பட்ஜெட்டில் பாதி அதோடு காலி. எங்கே உதைக்கிறது, சொல்லுங்கள்.

எட்டாயிரம்:
எங்கேயும் உதைக்கவில்லை ப்ரோ, இறங்குங்கள். 1.6இல் 150 வராது என்று சொல்ல இப்போது நாலு பேர் வருவார்கள். ஹோண்டாவின் பி16ஏ 1989லேயே 1595 சிசியில் 160 பிஎஸ் கொடுத்தது, 7600 சுற்றில், தொழிற்சாலை வாரண்டியோடு. டர்போ இல்லாத இன்ஜினில் குதிரை சுற்றிலிருந்துதான் வரும். டார்க்கைப் (சுழற்றும் விசையை) பெரிதாக ஏற்ற முடியாது, அதே டார்க்கை மேலே மேலே தூக்கிப் போகத்தான் முடியும். கேமில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 4-1 ஹெடரும் சரிதான், 4-2-1 (இரண்டிரண்டாகச் சேர்ப்பது) நடு சுற்றுக்காரர்களுக்கு.

சாணைக்கல்:
ஹெட் வேலை பார்த்தே கை கறுத்தவன் சொல்கிறேன், தம்பி. முதலில் கணக்கு. டார்க்கைச் சுற்றால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட். 150 பிஎஸ் என்பது 110 கிலோவாட். அதை 6500இல் எடுக்க 162 நியூட்டன் மீட்டர் வேண்டும். 7200இல் என்றால் 146. உன் இன்ஜினின் உச்ச டார்க்கே 137தான், அதுவும் 5500இல்.

அடுத்தது கம்ப்ரஷன். ஒரு சிலிண்டர் 399 சிசி. பிஸ்டன் உச்சிக்குப் போனதும் அதன் மேலே மிஞ்சும் இடம், 9.4 கம்ப்ரஷனுக்கு 47.5 சிசி, 11க்கு 40 சிசி. ஏழரை சிசியைக் குறைக்க வேண்டும் (ஏழரை என்றதும் எனக்கே சிரிப்பு வருகிறது). 78 மில்லிமீட்டர் போரில் (சிலிண்டரின் விட்டம்) ஒரு மில்லிமீட்டர் சீவினால், ஹெட்டில் இருக்கும் எரியும் அறையின் வாய் போர் அளவுக்கே விரிந்திருந்தாலும்கூட, 4.8 சிசிக்கு மேல் போகாது. ஆக ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சீவ வேண்டும். அது ஃபேசிங் இல்லை, ஹெட்டை அறுப்பது. இத்தனைக்கும் தியரிப்படி கிடைப்பது 5% அளவு, அதாவது ஆறு குதிரை. அதற்குள் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வந்து ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் இழுத்தால் அதிலும் பாதி போச்சு.

எட்டாயிரம்:
6500, 7200 என்று உங்களுக்கு வசதியான சுற்றையே எடுக்கிறீர்களே அண்ணே. 8000இல் 150 பிஎஸ்ஸுக்கு 132 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்டாக் (தொழிற்சாலை) நிலையிலேயே 6500இல் 130 இருக்கிறது. அதை இன்னும் 1500 சுற்று தள்ளிப் பிடித்தால் போதும். கேம் அதற்குத்தான்.

சாணைக்கல்:
கணக்கு சரி. ஆனால் அந்த 1500 சுற்றுதான் விலை. கனெக்டிங் ராடின் மேல் வரும் இழுப்பு சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 7000இலிருந்து 8000க்குப் போனால் 30% கூடுதல். ராடைப் பிய்ப்பது வெடிப்பு இல்லை. எக்சாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டன் மேலேயே போகப் பார்க்கும், ராட் அதைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலிருந்து தள்ளும் அழுத்தம் அப்போது ஏதும் கிடையாது, முழுப் பாரமும் ராட் போல்ட்டின் தலையில்தான். முப்பது வருடத்துக்கு மேலான போல்ட்டை நம்பி 8000 போகச் சொல்கிறாய்.

பி16 கதையும் வேறு. அதன் போர் 81, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 77.4. இது 78க்கு 83.6. 8000இல் அந்த பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20.6 மீட்டர், இதற்கு 22.3. போர் சின்னது என்றால் வால்வுக்கும் இடம் கம்மி. பி16இல் கீழ்ச் சுற்றுக்கு ஒரு கேம் முகம், மேல்ச் சுற்றுக்கு இன்னொன்று. தம்பிக்கு ஒன்றே ஒன்றுதான், அதை 280இல் வைத்தால் காலை டிராஃபிக்கில் 2500 சுற்றில் வண்டி சோம்பல் முறிக்கும். ஐடிலில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் குறைந்து பிரேக் பெடல் கல்லாகும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் லிஃப்டரும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் நிற்பது), முரட்டு கேமும் 8000 சுற்றும் அதற்கு ஒத்துவராது.

கழற்றி மாட்டு:
இரண்டு பேரும் தப்பான இன்ஜினுக்காகச் சண்டை போடுகிறீர்கள். அதே குடும்பத்து 1.8 இருக்கிறது. இரண்டாம் தலைமுறையில் 2000க்குப் பிறகு வந்த விவிடி (வால்வு திறக்கும் நேரத்தைத் தானே மாற்றும்) மாடல், ஜப்பானில் 7000 சுற்றில் 160 பிஎஸ், 5500இல் 170 நியூட்டன் மீட்டர். ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் உங்கள் இலக்கைத் தாண்டி நிற்கிறது. லிஃப்டர் சாலிட். பழைய கியர்பாக்ஸிலேயே உட்காரும், 1.8இன் ஃப்ளைவீலும் 215 மில்லிமீட்டர் கிளட்சும் சேர்த்து வாங்கினால் முடிந்தது. உங்களிடம் இருக்கும் 4.3 டிஃப்பை (பின் அச்சின் கியர்) விட்டுவிடாதீர்கள். முதல் தலைமுறை 1.8க்குக் கொடுத்தது 4.1. அந்த வித்தியாசத்தில் எல்லா கியரிலும் 5% இழுவை சும்மா கிடைக்கும்.

எட்டாயிரம்:
கழற்றி வந்த இன்ஜினின் ஜாதகம் யாருக்குத் தெரியும்? வாங்கி வந்து ஆயில் பேனைக் கழற்றிப் பார்த்தால் பேரிங் தேய்ந்து செம்பு காட்டும். அப்புறம் அதையும் பிரித்துச் செய்ய வேண்டும். விவிடியை ஆட்டிவைக்கத் தனி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), வயரிங் வேறு. கையிருப்பு கம்மி என்பவரிடம் சொல்கிற யோசனையா இது? அந்த 1.6 டிஃப் சின்னது, 1.8இன் டார்க்கை எத்தனை நாள் தாங்கும்?

கழற்றி மாட்டு:
டிஃப் விஷயத்தில் பாதி சரி. சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சை உதறினால் உடையும், ஒழுங்காக ஓட்டினால் டர்போ இல்லாத 1.8ஐச் சமாளிக்கும். ஈசியூ என்றால், உங்கள் 280 கேமுக்கும் அது வேண்டுமே? ஸ்டாக் ஈசியூ அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? முதல் தலைமுறை 1.6இல் இருப்பது கதவு மாதிரி திறந்து மூடும் ஏர்ஃப்ளோ மீட்டர். மெகாஸ்குவர்ட் மாதிரி மாற்று ஈசியூ ஒன்றைப் போட்டு, புகையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து, முழு மிதியில் காற்று-எரிபொருள் விகிதத்தை 12.8 பக்கம் நிறுத்தி, டைமிங்கை டிகிரி டிகிரியாகத் தேட வேண்டும். அந்தச் செலவு இரண்டு வழியிலும் உண்டு.

கையிருப்பு கம்மி:
தலை சுற்றுகிறது. சரி, 11 வேண்டாம், 10 போதும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முக்கால் மில்லிமீட்டருக்குள்தானே சீவ வேண்டும்? அதிலாவது ஆபத்து இல்லையே?

சாணைக்கல்:
அதில் நானே அடிபட்டிருக்கிறேன். வேறொரு வண்டி. ஒரு பட்டறையில் ஹெட்டைக் கொடுத்து “மேலாகச் சமப்படுத்துங்கள்” என்றேன். எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுக்கவில்லை, தப்பு என்னுடையதும்தான். திரும்பி வந்ததை அளந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போயிருந்தது. ஹெட் கீழே இறங்கினால் பெல்ட்டின் பாதை குறுகி, கேம் டைமிங் ஓரிரு டிகிரி பின்தங்கும். வண்டி ஓடியது, கீழ்ச் சுற்றில் பிக்கப் செத்துவிட்டது. அட்ஜஸ்டபிள் கேம் கியர் வாங்கித்தான் சரிசெய்தேன்.

உன் இன்ஜினில் இன்னொரு விஷயம். ஸ்டாக் 1.6இல் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாது. சீவி, லிஃப்ட் அதிகமான கேமும் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். அளந்து பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணாதே. பிஸ்டன் தலையில் வால்வு வரும் இடத்தில் பிசுபிசுக்கும் களிமண்ணைப் பட்டையாக அப்பு, மேலே ஒரு சொட்டு எண்ணெய். பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, பெல்ட் போட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. ஸ்டார்ட்டரைத் தொடாதே. ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கிப் பொய் சொல்லும், அந்த ஒரு சிலிண்டருக்காவது சாலிட் டம்மி வேண்டும். பிரித்தால் களிமண்ணில் வால்வின் அரைவட்டம் பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அள. இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்சாஸ்ட் பக்கம் 2.5. அதற்குக் கீழே என்றால் நான் தொட மாட்டேன்.

ஓரமாக நிற்பவன்:
இதைப் படித்துவிட்டு என் வண்டிக்கு ஏர் ஃபில்டர் மட்டும் மாற்றினேன். நன்றி.

எட்டாயிரம்:
சரி, போர்ட்டிங்காவது?

சாணைக்கல்:
குடைந்து பெரிதாக்குவது வேண்டாம். காற்றின் வேகம் செத்தால் கீழ்ச் சுற்று செத்தது. ஹெட்டில் காசு போடுவதென்றால் வால்வு சீட்டில் போடு. 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் வெட்டி, சீட்டுக்கு அடியில் கிண்ணம் மாதிரி இருக்கும் இடத்தில் வார்ப்பு மேட்டை மட்டும் எடுத்தால் போதும். ஹெடரிலும் பெரிதாக எதிர்பார்க்காதே. இந்த வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே குழாய் மேனிஃபோல்டு உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து, டைமிங் லைட்டைப் பிடி. ஸ்டாக்கில் ஸ்பார்க் டைமிங் 10 டிகிரி. ஹெட்டின் பின்பக்கம் கேம் ஆங்கிள் சென்சாரின் 12 மில்லிமீட்டர் போல்ட்டைத் தளர்த்தி 14க்குத் திருப்பு. ஆக்டேன் அதிகமான பெட்ரோல் போட வேண்டும், தட்டும் சத்தம் கேட்டால் திரும்ப 12. கீழ்ச் சுற்று இழுவை காலில் தெரியும்.

கழற்றி மாட்டு:
அப்படியே டைமிங் லைட்டை அடிக்கும்போது கிராங்க் புல்லியில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். 1990 என்றதும் கேட்டிருக்க வேண்டும்.

கையிருப்பு கம்மி:
டைமிங் 9இல் இருந்தது. இப்போது 14. வண்டி நிஜமாகவே மாறிவிட்டது, இத்தனை நாள் இழந்ததை நினைத்தால் எரிச்சல் வருகிறது. புல்லியில் நாலு வெட்டு. ஏன்?

கழற்றி மாட்டு:
நாலு என்றால் ஷார்ட் நோஸ் கிராங்க். எட்டு இருந்தால் லாங் நோஸ். ஆரம்ப கால 1.6களில் கிராங்கின் மூக்கு குட்டை. நடு போல்ட் சரியாக இறுகாவிட்டால் சாவிப் பள்ளம் தேய்ந்து, புல்லி ஆட, டைமிங் தானாக நகரும். கடைசியில் கிராங்க்கே போகும். இந்தக் கிராங்க்கின் மேல் 8000 சுற்று இன்ஜின் கட்டப் போகிறீர்களா?

எட்டாயிரம்:
ஒழுங்காக இறுக்கிய ஷார்ட் நோஸ் எத்தனையோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பயமுறுத்தாதீர்கள்.

சாணைக்கல்:
ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கேம் மாற்றும்போது பெல்ட்டும் முன் சீலும் மாற்றாமல் யார் விடுவார்கள்? சீலுக்கு அந்த போல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். 9இல் இருந்தது என்கிறாயே, யாராவது திருப்பி வைத்ததா, தானாக நகர்ந்ததா? புல்லியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, ஐடிலில் ஆடுகிறதா பார். ஒரு மாதம் கழித்து டைமிங்கை மறுபடி அள.

கையிருப்பு கம்மி:
கோடு போட்டாயிற்று, ஆட்டம் இல்லை. இந்த 1.6ஐ 14 டிகிரியிலேயே ஓட்டப் போகிறேன், பிரிக்கப் போவதில்லை. காசைச் சேர்த்து வைத்து, ஓடும் நிலையில் இருக்கும் வண்டியிலிருந்து 1.8 கிடைத்தால் வாங்குவேன். கழற்றும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க விடுகிறவரிடம் மட்டும்.

எட்டாயிரம்:
வாங்குங்கள். மாட்டி முடித்ததும் அதற்கு என்ன கேம் என்று கேட்டு வருவீர்கள், இங்கேதான் இருப்பேன்.