புதுப்பிப்பு: ஆகஸ்ட் அறிக்கையில் காணாமல் போன பில்கள்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: தோவாளையில் ஒரு மொத்தப் பூக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில் செயலியில், ஆகஸ்ட் 1 முதல் 31 வரை அறிக்கை கேட்டால் தொகை குறைகிறது என்று. பிடித்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது நீங்கள் சொன்னதே. தேதியோடு நேரமும் சேர்ந்த நெடுவரிசையில் 'பிட்வீன்' (இதிலிருந்து இதுவரை என்று கேட்கும் கட்டளை) போட்டு, கடைசித் தேதியாக 31 என்று மட்டும் கொடுத்தால், மைஎஸ்க்யூஎல் (பில்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்) அதை அன்றைய 00:00:00 என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு போட்ட பில் வராது.

ஆனால் எனக்கு 31-ஆம் தேதி பில்கள் கொஞ்சம் வந்தனவே! அதுதான் குழப்பியது. துப்புக் கொடுத்தவர் கடைக்கார அண்ணாச்சி. "தம்பி, ஒண்ணாந்தேதி விடியக்காலம் வித்த பூவெல்லாம் எங்க போச்சு?" பார்த்தால், 1-ஆம் தேதி காலை 5:30-க்கு முந்தைய பில் ஒன்றுகூட இல்லை, 31-ஆம் தேதிக்கோ 5:30 வரை மட்டும் இருக்கிறது. டேட்டாபேஸில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) பதிவாகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால்; ஆக, அதன் 00:00 நமக்குக் காலை 5:30. விடியக்காலத்தில் வியாபாரம் இல்லாத ஜவுளிக்கடையாக இருந்திருந்தால் இந்த இரண்டாவது தப்பு கண்ணிலேயே பட்டிருக்காது.

இப்போது எல்லை யூடிசி கணக்கில்: ஜூலை 31, 18:30 முதல், ஆகஸ்ட் 31, 18:30-க்கு முன்பு வரை. அதாவது நம் நேரப்படி ஆகஸ்ட் 1 பிறக்கும் நள்ளிரவு முதல் 31 முடியும் நள்ளிரவு வரை. கடை நோட்டோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது.

இடையில் நெடுவரிசைக்கு, நேரத்தை வெட்டித் தேதியை மட்டும் எடுக்கும் 'டேட்' ஃபங்ஷன் போட்டும் பார்த்தேன். முதல் தப்பு மட்டும் தீர்ந்தது, ஆனால் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பயன்படாமல் போய்ப் பக்கம் ஆமையாக ஊர்ந்தது. விட்டுவிட்டேன்.

தினசரி அறிக்கையிலும் இதே கோளாறு இருக்கிறது. இன்று ராத்திரி அதையும் மாற்ற வேண்டும், சந்தை தொடங்குவதற்குள்.