கல்லீரலில் துளைவழி அறுவை: உங்கள் அனுபவம் என்ன?

கோவை மருமகன்:
மாமனாருக்குப் பெருங்குடல் புற்றுநோயை அகற்றிய பிறகு நிம்மதியாக இருந்தோம். பிறகு எடுத்த ஸ்கேனில் கல்லீரலின் இடப்பக்கம் ஒரு கட்டி. முதலில் பார்த்த மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் வயிற்றை வரைந்து, விலா எலும்புக்கு அடியில் பேனாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். மாமனாரின் முகம் வெளுத்துவிட்டது. வேறொரு மருத்துவமனையில் ஐந்து சிறு துளைகள் போதும், அவற்றின் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டு அறுவை செய்துவிடலாம் (லேப்பரோஸ்கோபி) என்றார்கள்.

மாமியாருக்கு அதிலும் சந்தேகம். “துளை வழியாகப் பார்த்து முழுவதையும் எப்படி எடுப்பார்கள்?” என் கவலை வேறு: ரத்தம் பீறிட்டால்? “உடனே வயிற்றைத் திறந்துவிடுவேன், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குகிறேன்” என்றார் அறுவை மருத்துவர். பூசி மெழுகாத அந்தப் பதிலுக்காகவே ஒப்புக்கொண்டோம்.

வெட்டிய துண்டைப் பைக்குள் போட்டு, அடிவயிற்றில் உள்ளாடைக்குள் மறையும் இடத்தில் கீறி வெளியே எடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே மனிதர் இட்லி கேட்டார். மதியம் வலது தோள் வலிக்கிறது என்று துடித்தார். மாரடைப்போ என்று பதறி ஓடினோம். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்தினால் தோளில் வலிக்குமாம். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம்!

ஒஸ்லோ தாதி:
தம்பி, நான் நோர்வேயில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்கிறேன். உங்கள் மாமியாரின் சந்தேகம் இங்கே வைத்தியர்களுக்கே இருந்தது. ஒஸ்லோவின் றிக்ஸ்ஹொஸ்பிற்றல் என்ற பெரிய வைத்தியசாலையில், பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் புற்றுநோய் பரவிய 280 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, வயிற்றைத் திறந்தவர்களில் 31 வீதமானோருக்குச் சிக்கல் வந்தது. துளைவழியில் 19 வீதம். அவர்கள் வைத்தியசாலையில் 96 மணித்தியாலமளவில் கிடக்க, இவர்கள் 53 மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போனார்கள். ஐந்து ஆண்டுகளின் பின் உயிரோடு இருந்தோர் 55 வீதமும் 54 வீதமும், அதாவது வித்தியாசமே இல்லை. ஒன்று கவனியுங்கள்: இவை கட்டியைச் சுற்றி அளவாக வெட்டிய சிகிச்சைகள். பாதி ஈரலை எடுக்கும்போதும் இதே கணக்கு என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

பித்தப்பையில் 1980களின் இறுதியிலேயே வந்துவிட்ட முறை ஈரலுக்கு வரத் தயங்கியதற்குக் காரணம் குருதிதான். திறந்த வயிற்றில் நாளம் கிழிந்தால் கையால் அமுக்கலாம். இங்கே கை உள்ளே இல்லை. ஆகவே ஈரலுக்குக் குருதி கொண்டுபோகும் குழாய்க்கொத்தைச் சுற்றி முன்கூட்டியே ஒரு நாடாவைப் போட்டு வைப்பார்கள். வெட்டும்போது இறுக்குவது, கால் மணித்தியாலத்தில் தளர்த்துவது, பிறகு மறுபடி இறுக்குவது. நேரத்தை உரக்கச் சொல்வது என் வேலை. உங்கள் மாமனாரின் தோளை வருத்திய அதே வாயுவின் அமுக்கம் நாளங்களின் கசிவை ஓரளவு அடக்கும். ஆனால் அது கிழிந்த நாளத்துக்குள் புகுந்தால் ஆபத்து. மயக்க மருந்து வைத்தியர் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

இடப்பக்கம் என்பது உங்கள் அதிர்ஷ்டம். 2008இல் அமெரிக்காவின் லூயிவில்லில் கூடிய நிபுணர்கள், அந்த ஓரப் பகுதியை வெட்டுவதற்குத் துளைவழியே வழமையான முறையாக வேண்டும் என்றார்கள். வலப்பக்கம் பின்னால், உதரவிதானத்தை ஒட்டி ஒளிந்திருக்கும் கட்டி என்றால் கதையே வேறு.

சுகுபா ஆய்வாளர்:
ஜப்பானில் 2010இல் அந்த இடப்பக்க அறுவைக்கும் சிறு வெட்டுகளுக்கும் மட்டுமே காப்பீடு கிடைத்தது. குன்மா பல்கலைக்கழக மருத்துவமனையில் அதைத் தாண்டிய கடினமான அறுவைகளையும் நெறிமுறைக் குழுவைக் கேட்காமல் செய்திருக்கிறார்கள். ஒரே மருத்துவரிடம் துளைவழியில் கல்லீரல் அறுவை செய்துகொண்ட எட்டுப் பேர் இறந்த செய்தி 2014இல் வெடித்தது. அதன் பிறகு என் ஆய்வக நண்பரின் தந்தைக்கு வலப்பக்கம் கட்டி வந்தபோது, திறந்தே செய்யுங்கள் என்று குடும்பம் பிடிவாதமாக நின்றது. மருத்துவர் வாதாடவில்லை. எனக்கும் அது சரியாகவே பட்டது.

மதுரை வாசகர்:
என் அண்ணிக்குத் துளைவழியில் தொடங்கி நடுவில் திறந்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, உயிர்தான் முக்கியம். ஆனால் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அதில் இரண்டு முறைகளுக்கும் சேர்த்துக் கட்டணம் போட்டிருந்தார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்குத்தான் தருவேன் என்கிறது. இப்படி யாருக்காவது நடந்து, மீதிப் பணம் திரும்பக் கிடைத்திருக்கிறதா?