பூட்ஸ்டிராப்புக்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

திங்களன்று முதுகலை வகுப்பில் பூட்ஸ்டிராப் என்ற புள்ளியியல் முறையை நடத்த வேண்டும். கையிலுள்ள 30 அளவுகளிலிருந்தே, எடுத்ததைத் திரும்பப் போட்டுப் போட்டு 30 எடுத்துச் சராசரி காண்கிறோம். இதை 1000 தடவை செய்தால் அந்தச் சராசரிகளின் பரவலே திட்டப் பிழையை, அதாவது சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதை, காட்டிவிடும். 1979இல் பிராட்லி எஃப்ரான் வைத்த பெயர். காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில மரபுத்தொடர்தான் மூலம். தமிழில் எப்படிச் சொல்லலாம்?

*

ஐயமே வேண்டாம், தற்றூக்கு. தயவுசெய்து 'தற்தூக்கு' என்று எழுதாதீர்கள். பொன்னும் தகடும் பொற்றகடு ஆகவில்லையா? தன் என்பதன் ஈறு வல்லினத்தின் முன் உறழும் (திரிந்தும் திரியாமலும் வரும்) என்கிறது நன்னூல், ஆகவே தன்றூக்கும் சரியே. தூக்கு பழஞ்சொல். தொல்காப்பியச் செய்யுளியலில் செய்யுள் உறுப்புகளில் ஒன்று.

*

ஐயா, புணர்ச்சி சரி. ஆனால் என் மாணவர்களுக்குத் தூக்கு என்றால் தூக்குத் தண்டனைதான் நினைவுக்கு வரும். 'தன் கையே தனக்குதவி' எல்லாருக்கும் தெரியும். தன்கையுதவி முறை எனலாமா?

*

அம்மா, அங்கேதான் மாறுபடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் காலணி வார்த் தொடர் நடக்கவே முடியாத காரியத்தைக் குறித்தது. சொந்த முயற்சியால் முன்னேறுவது என்ற பொருள் பிறகு ஏறியது. புதுத் தரவு ஒன்றுகூட இல்லாமல் பிழையை அளப்பதில் அந்த முதற்பொருளின் வியப்பு இருக்கிறது. பழமொழியில் அறிவுரை மட்டும்தான். (புளுகுக் கதைகளின் நாயகன் மஞ்சௌசன் பிரபுவை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். சதுப்பிலிருந்து வெளியேற அவர் பிடித்து இழுத்தது தன் தலைமுடியை, வாரை அல்ல.) கணினியை 'பூட்' செய்வதும் இதே தொடரின் கிளைதான், ஆனால் அங்கே தொடங்குவது என்ற பொருள், இங்கே பொருந்தாது. செய்வதையே பெயராக வைப்போம்: மீள்கூறெடுப்பு, அதாவது கையிலுள்ள கூறிலிருந்தே (sample) மீண்டும் கூறு எடுப்பது.

*

மீள்கூறெடுப்பு பொதுப்பெயர் ஆயிற்றே, ஒவ்வோர் அளவாக விட்டுவிட்டுக் கணக்கிடும் ஜாக்நைஃப் முறையும் அதில் அடங்கும். தவிர, இலங்கைப் பாடநூல்களில் கூறு இல்லை, மாதிரி.

*

சரி, நேரமாகிவிட்டது. மீள்கூறெடுப்போடு 'தன்' சேர்த்து நால்வர் ஒத்துக்கொண்ட 'தன்மீள்கூறெடுப்பு' என்பதையே கரும்பலகையில் எழுதுகிறேன், பக்கத்தில் பூட்ஸ்டிராப் என்றும். அனைவருக்கும் நன்றி.

*

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஐந்தெழுத்தில் முடிவதற்கு ஒன்பதெழுத்தா? வினையாக்கிப் பாருங்கள். 'தரவைத் தற்றூக்கினேன்' என்று ஒரு மாணவி சொல்லிவிடலாம். 'தன்மீள்கூறெடுத்தேன்' என்று யார் சொல்வார்கள்?