தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் வளரவில்லை? குற்றம் தாயிடமா, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலா?

கொட்டகலையான்:
போன வாரம் எங்கள் பக்கம் ஒரு போஷாக்குக் கூட்டம். பேச வந்தவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: தேயிலைத் தோட்டத்துத் தாய்மாருக்கு அக்கறை போதாது, அதனால்தான் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரமில்லை. உயரக் கணக்கை நான் மறுக்கவில்லை. இலங்கையின் 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாடு முழுவதும் 100க்கு 17 பேர் வளர்ச்சி குன்றியவர்கள். தோட்டங்களில் 32 பேர். அக்கறையின்மை மலையில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு விளைகிறதா?

வார்ட்டு அக்கா:
தம்பி, நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான், இப்போது ஆஸ்பத்திரியில் வேலை. நாலு மாதப் பிள்ளைக்குத் தேத்தண்ணியில் பிஸ்கட் தோய்த்து ஊட்டுவதைக் கண்ணால் பார்க்கிறேன். தாய்க்கென்று கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவை வீடு முழுக்க உருண்டை பிடித்துத் தின்கிறார்கள். இதையும் தோட்டத்தை நடத்தும் துரையா செய்யச் சொன்னார்? கம்பனியைத் திட்டினால் கைதட்டு கிடைக்கும், சரி. அந்தப் பிள்ளைக்கு நாளைக் காலையில் என்ன கொடுப்பது என்று யார் சொல்வது?

கொட்டகலையான்:
நாலு மாதத்தில் பிஸ்கட் ஏன் வந்தது என்று கேளுங்கள் அக்கா. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது கிளினிக். மகப்பேற்றுச் சட்டம் தோட்டத்துப் பெண்ணுக்குக் கொடுப்பது 84 நாள், ஞாயிறும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையும் சேர்த்து. அதாவது பன்னிரண்டு கிழமை. பதின்மூன்றாவது கிழமை அவள் கூடையோடு மலையில், பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில். மிச்ச மூன்று மாதத்தை அவள் எங்கே வாங்குவாள்?

வார்ட்டு அக்கா:
சட்டத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க ஒரு நாளில் இரண்டு இடைவேளை உண்டு. மடுவம் இருந்தால் அரை மணி வீதம். எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்? தெரியாமல் இருப்பதைத்தான் நான் அறிவுக் குறை என்கிறேன், புத்திக் குறை என்று சொல்லவில்லை.

கொட்டகலையான்:
தெரிந்தும் போகாதவர்கள் இருக்கிறார்கள். மேல் மலையில் கொழுந்து பறிக்க நிரை போட்டிருந்தால் மடுவத்துக்கு இறங்கவே அரை மணி சரியாகிவிடும், ஏறுவது அதைவிட மோசம். அந்த நேரத்தில் பறிக்காத கொழுந்தைத் தராசு மன்னிக்காது. நிறை குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். 2024இல் நாட்கூலி 1350 ரூபாய் ஆனது. அதில் பாதி போனால் வீட்டில் என்ன மிஞ்சும்? திரிபோஷாவை எல்லோரும் தின்பதும் இதனால்தான். பசித்தவர்கள் நாலு பேர் சுற்றி இருக்கும்போது ஒருத்தி மட்டும் எப்படிச் சாப்பிடுவாள்? வயிற்றில் பிள்ளையோடு சரிவில் கூடை சுமந்ததை நான் இன்னும் எடுக்கவேயில்லை.

பசறை இளையவன்:
இடையில் ஒன்று. அந்தச் சம்பளத்தில் எவ்வளவு தவறணைக்கு, குடிக்கப் போகிறது? ஆம்பிளைகளைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. கிளினிக்கில் திட்டு வாங்குவது மட்டும் எப்போதும் அம்மாதான்.

வார்ட்டு அக்கா:
இளையவன் சொன்னது உண்மை, அதற்குத் தனியாகவே ஒரு விவாதத் திரி வேண்டும். கொட்டகலைத் தம்பிக்கு: சம்பளம் கூடும்வரை பிள்ளை வளராமல் காத்திருக்காது. கறந்த பாலைச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தால் நாலு மணி நேரம் கெடாது. மடுவத்து ஆயா கோப்பையால் ஊட்டலாம். இதற்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை.

கொட்டகலையான்:
எங்கே நின்று கறப்பது? மலையில் ஒதுங்கவே மறைவில்லை. லயத்தில் விடியற்காலையில் கறக்கலாம் என்றால், ஏழு மணிக்குள் பிரட்டு, அதற்குமுன் ரொட்டி சுட வேண்டும், பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பாத்திரம் கழுவச் சுடுதண்ணீர் மடுவத்தில் இருக்கிறதா, சொல்லுங்கள்.

வார்ட்டு அக்கா:
சில மடுவத்தில் இருக்கிறது, பலதில் இல்லை. கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. அடுப்பும் சவர்க்காரமும் உங்கள் தொழிற்சங்கம் கேட்கட்டும், மாதா மாதம் சந்தா பிடிக்கிறார்களே.

கொட்டகலையான்:
சந்தாவைப் பற்றி நான் சண்டைக்கு வரமாட்டேன். அடுப்பும் கேட்போம், பால் கொடுக்கப் போகும் நேரத்துக்கு நிறை வெட்டக்கூடாது என்றும் கேட்போம். ஆனால் தலைவர் வாயால் சொன்னால் ஒபிசில் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள். தாய்மாருக்கு எழுதும் அறிவுரையை ஒருமுறை துரைக்கும் எழுதட்டும்.